பக்கவாதத்தில் ஒரு பக்கமும் தண்டுவடக் காயத்தில் இரு கால்களும் விழுவது ஏன்?

உங்கள் கேள்வி உங்கள் குடும்பத்தில் மூன்று பேரைப் பற்றியது. அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் வரவில்லை. பனைமரத்திலிருந்து தவறி விழுந்த மாமாவுக்கோ பேச்சிலும் கைகளிலும் ஒரு குறையும் இல்லை, ஆனால் இரண்டு கால்களும் அசையவில்லை. ஸ்கேன் எடுக்கும் முன்பே, குண்டூசியால் உடம்பில் அங்கங்கே குத்திப் பார்த்துவிட்டு, எந்த மட்டத்தில் அடி என்று மருத்துவர் அவருக்குச் சொல்லிவிட்டார். மனைவிக்கு அடுத்த மாதம் சிசேரியன். முதுகில் போடும் ஊசி தண்டுவடத்தில் பட்டுவிடுமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் விடை நரம்புப் பாதைகளின் அமைப்பில்தான் இருக்கிறது. எந்தப் பாதை எந்த இடத்தில் இடம் வலமாக மாறுகிறது, எந்த நரம்பு எந்த மட்டத்தில் வெளியே வருகிறது, தண்டுவடம் எங்கே முடிகிறது என்பது தெரிந்தால் போதும். பாடநூல்கள் பொதுவாக மூளையில் தொடங்கிக் கீழே இறங்கும். நான் தண்டுவடத்தில் தொடங்குகிறேன். அங்கே கணக்கு எளிது, உங்கள் மனைவிக்கான பதிலும் அங்கேயே கிடைத்துவிடும்.

வளர்ந்த மனிதரின் தண்டுவடம் 42 முதல் 45 செ.மீ. நீளமும் ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் தடிமனும் கொண்டது. கபாலத்தின் அடித்துளையில் மூளைத்தண்டின் தொடர்ச்சியாகத் தொடங்கி, இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்புக்கும் இரண்டாம் முள்ளெலும்புக்கும் இடைப்பட்ட மட்டத்தில் அது முடிந்துவிடுகிறது. முதுகெலும்பு அதற்கும் கீழே நீண்டுகொண்டே போகிறது. கருவின் மூன்றாம் மாதத்தில் இரண்டும் ஒரே நீளத்தில்தான் இருக்கும். அதன் பிறகு எலும்பு வேகமாக வளர, தண்டுவடம் பின்தங்கிவிடுகிறது. ஆகவே, கீழ் மட்டங்களில் வெளியேற வேண்டிய நரம்புகள் தங்கள் துளையைத் தேடி நெடுந்தூரம் கீழ்நோக்கி இறங்க வேண்டியிருக்கிறது. திரவம் நிறைந்த உறைக்குள் கற்றையாகத் தொங்கும் இந்த நரம்புகளைக் குதிரைவால் நரம்புகள் என்கிறோம்.

சிசேரியனுக்கான ஊசி இறங்குவது இந்தப் பகுதியில்தான். இரு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளையும் மயக்கவியல் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பதை உங்கள் மனைவி கவனிப்பார். அந்த இரண்டையும் இணைக்கும் கோடு இடுப்புப் பகுதியின் நான்காம் முள்ளெலும்பு மட்டத்தில் முதுகைக் கடக்கும். அதற்குச் சற்று மேலேயோ கீழேயோ ஊசி நுழைகிறது. அந்த இடத்தில் தண்டுவடம் கிடையாது. ஹைன்ரிச் குவின்கே 1891-இல் இவ்வழியே மூளைத்தண்டுவடத் திரவத்தை எடுத்துக் காட்டினார். ஆகஸ்ட் பியர் 1898-இல் அதே வழியில் மருந்தைச் செலுத்தி மரத்துப்போகச் செய்தார். திரவத்தில் மிதக்கும் நரம்புகள் பெரும்பாலும் ஊசிக்கு விலகிக்கொள்ளும். எப்போதாவது ஒன்றில் பட்டால் காலில் சுரீரென்று ஓர் உணர்வு ஓடும், அதைச் சொன்னவுடன் மருத்துவர் ஊசியைத் திருத்திக்கொள்வார். ஊசித் துளை வழியே திரவம் கசிந்து சிலருக்குச் சில நாள் தலைவலி வரலாம். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைவது அதன் அடையாளம். 'அந்த ஊசி போட்டதிலிருந்துதான் முதுகுவலி' என்று வீடுதோறும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரசவத்துக்குப் பின் பல ஆண்டுகள் நீடிக்கும் முதுகுவலிக்கு ஊசிதான் காரணம் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. கர்ப்ப காலத்தில் தளர்ந்த தசைகளும், குனிந்தபடி குழந்தையைத் தூக்குவதும் பாலூட்டுவதும் அதைவிடப் பொருத்தமான காரணங்கள்.

இனி மாமாவுக்கு வருவோம். தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் வெளியேறுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே உள்ள திருவெலும்புப் பகுதியில் 5, வால் எலும்பில் 1. ஒவ்வொரு நரம்பும் தோலின் ஒரு பட்டைக்கும் சில தசைகளுக்கும் உரியது. கட்டைவிரல் தோல் கழுத்துப் பகுதியின் 6-ஆம் நரம்புக்கும், சுண்டுவிரல் 8-ஆம் நரம்புக்கும், மார்புக்காம்பு மட்டம் மார்புப் பகுதியின் 4-ஆம் நரம்புக்கும், தொப்புள் 10-ஆம் நரம்புக்கும், கவட்டை இடுப்புப் பகுதியின் முதல் நரம்புக்கும், பாதத்தின் வெளி விளிம்பு திருவெலும்புப் பகுதியின் முதல் நரம்புக்கும் உரியவை. மருத்துவர் குண்டூசியை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ நகர்த்திக்கொண்டே போய், 'இப்போது குத்துவது தெரிகிறதா, முன்பு போலவே தெரிகிறதா' என்று கேட்பதெல்லாம் உணர்வு நின்றுபோகும் கோட்டைக் கண்டுபிடிக்கத்தான். ஓர் இணை நரம்பு கிளம்பும் தண்டுவடத் துண்டைக் கண்டம் என்கிறோம். தொப்புளுக்குக் கீழே தெரியவில்லை என்றால் தண்டுவடத்தின் மார்புப் பகுதி 10-ஆம் கண்டத்தை ஒட்டி அடி பட்டிருக்கிறது என்று பொருள். தண்டுவடம் எலும்பைவிடக் குட்டையானது என்பதால் உடைந்த எலும்பின் எண்ணும் அடிபட்ட கண்டத்தின் எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அதே எண்ணுள்ள எலும்பைவிடக் கண்டம் சற்று மேலே இருக்கும். உயரத்திலிருந்து விழுகிறவர்களுக்கு மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடம்தான் மிக அதிகமாக நொறுங்குகிறது, ஏனெனில் விலா எலும்புகளின் பிடிப்பால் அசையாத பகுதி அங்கே முடிந்து, நன்றாக வளையும் பகுதி தொடங்குகிறது. கைகளுக்கான நரம்புகள் அதற்கு வெகுமேலே கழுத்தில் பிரிந்துவிட்டதால் கைகள் தப்பித்தன. உதரவிதானத்தை இயக்கி மூச்சைக் காப்பாற்றும் நரம்பும் கழுத்தின் 3, 4, 5-ஆம் கண்டங்களிலிருந்தே வருகிறது. அதற்கு மேலே அடி பட்டிருந்தால் மூச்சே நின்றிருக்கும்.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறப் பகுதியும் சுற்றிலும் வெண்ணிறப் பகுதியும் தெரியும். சாம்பல் நிறத்தில் இருப்பவை நரம்பு செல்களின் உடல்கள். வெண்மை, அவற்றின் நீண்ட இழைகளான ஆக்ஸான்களைப் போர்த்தியிருக்கும் மையலின் என்ற கொழுப்புறையால் வருவது. முன்பக்க வேர் கட்டளையை வெளியே கொண்டுபோகிறது, பின்பக்க வேர் உணர்வை உள்ளே கொண்டுவருகிறது. 1811-இல் சார்லஸ் பெல்லும் 1822-இல் ஃபிரான்சுவா மஜாந்தியும் செய்த சோதனைகளால் இது நிலைநாட்டப்பட்டது.

தண்டுவடம் செய்தி கடத்துவதோடு நிற்பதில்லை. முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறுவது மூளையைக் கேட்டு நடப்பதன்று. தசை இழுபட்ட செய்தி பின்வேர் வழியே உள்ளே வந்து, இடுப்புப் பகுதியின் 2 முதல் 4 வரையான கண்டங்களில் நேராக இயக்க நரம்பு செல்லைத் தூண்டி, முன்வேர் வழியே திரும்பிவிடுகிறது. தண்டுவடம் மேலே அறுபட்டாலும் இந்தச் சுற்று கெடுவதில்லை. அடிபட்ட புதிதில் கால்கள் தொளதொளவென்று கிடக்கும். சில வாரங்கள் கழிந்து, மேலிருந்து வரும் கட்டுப்பாடு இல்லாததால் கீழுள்ள அனிச்சைச் செயல்கள் மிகையாகி, போர்வை உரசினாலே கால் துள்ளத் தொடங்கும். 'கால் அசையுது, சரியாகிக்கொண்டு வருது' என்று குடும்பத்தினர் மகிழ்ந்துபோவது இந்த இடத்தில்தான். மாமா தானாக நினைத்து அசைக்கும் அசைவு எது, தூண்டினால் மட்டும் வரும் துள்ளல் எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

அடுத்தது பக்கம் மாறும் கணக்கு. மூளையிலிருந்து தசைகளுக்கு இறங்கும் இயக்கப் பாதையின் இழைகளில் 85 முதல் 90 விழுக்காடு, கபாலத்தை விட்டு வெளியேறும் முன், மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் எதிர்ப்பக்கம் கடந்துவிடுகின்றன. தொடுதலையும் மூட்டுகளின் நிலையையும் சொல்லும் இழைகள் வந்த பக்கமாகவே தண்டுவடத்தில் ஏறி, முகுளத்தை அடைந்த பிறகே கடக்கின்றன. வலியும் வெப்பமும் அப்படிக் காத்திருப்பதில்லை. அவை தண்டுவடத்துக்குள் நுழைந்து ஓரிரு கண்டங்களுக்குள்ளேயே எதிர்ப்பக்கம் போய்விடுகின்றன. இதன் விளைவு விசித்திரமானது. கத்திக்குத்தில் தண்டுவடத்தின் வலது பாதி மட்டும் அறுபட்டால், வலது கால் அசையாது, ஆனால் வலி தெரியும். இடது கால் நன்றாக அசையும், ஆனால் சூடு வைத்தாலும் தெரியாது. மொரீஷியஸில் பிறந்த பிரௌன்-சேக்கார் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விவரித்த இந்த நிலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உடற்கூற்றியல் வகுப்பில் இந்த ஒரு நோயாளியைப் புரிந்துகொண்ட மாணவர் தண்டுவடத்தைப் புரிந்துகொண்டார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

இதிலிருந்து உங்கள் முதல் கேள்விக்கும் விடை வருகிறது. அப்பாவுக்கு அடைப்பு ஏற்பட்டது கடக்கும் இடத்துக்கு மேலே, ஒரு பக்க மூளையில். ஆகவே எதிர்ப்பக்கக் கையும் காலும் விழுந்தன. மாமாவுக்குக் கடந்து முடிந்த பிறகு, வலது இடது பாதைகள் இரண்டும் விரல் தடிமனுக்குள் அருகருகே ஓடும் இடத்தில் அடி பட்டது; நொறுங்கிய எலும்பு இரண்டையும் சேர்த்தே நசுக்கிவிட்டது.

மூளையின் எடை சுமார் 1,300 முதல் 1,400 கிராம். உடல் எடையில் 2 விழுக்காடு மட்டுமே உள்ள இது, உடல் ஓய்வில் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பாடம் செய்து வைத்த மூளை கெட்டியாக இருக்கும். உயிருள்ள மூளையோ இளநீர் வழுக்கை போல மெத்தென்றது. அது தன் எடையாலேயே நசுங்காமலிருப்பதற்குக் காரணம், டியூரா, அரக்னாய்டு, பயா என்ற மூன்று உறைகளும், நடு உறைக்கும் உள் உறைக்கும் இடையே ஓடும் திரவமும். மொத்தத்தில் 150 மி.லி. அளவே உள்ள இந்தத் திரவம் நாளொன்றுக்கு 500 மி.லி. அளவுக்குச் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வெளியேறும் வழி அடைபட்டால் குழந்தைகளுக்குத் தலை வீங்கும். வெளியுறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நெற்றிப்பொட்டுப் பகுதியில் கபாலம் மெல்லியது, அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு தமனி ஓடுகிறது. பைக்கிலிருந்து விழுந்து அங்கே எலும்பில் விரிசல் விட்டால் அந்தத் தமனி கிழிந்து எலும்புக்கும் உறைக்கும் இடையே இரத்தம் தேங்கும். முதலில் மயங்கி, பிறகு தெளிந்து, 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போனவர் சில மணி நேரத்தில் நினைவிழப்பது இதனால்தான்.

பெருமூளையின் மடிப்பு மடிப்பான மேற்பரப்பு புறணி எனப்படும். முன்மடல் திட்டமிடுதலுக்கும் அசைவுக்கும், உச்சிமடல் தொடு உணர்வுக்கும் இட உணர்வுக்கும், பொட்டுமடல் கேட்டலுக்கும் நினைவுக்கும், பின்மடல் பார்வைக்கும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மேலோட்டமாக அது சரிதான். உங்கள் அப்பாவைப் புரிந்துகொள்ள முன்மடலின் பின் விளிம்பில் உள்ள இயக்கப் பட்டை முக்கியம். உடலின் வரைபடம் ஒன்று அதில் தலைகீழாக விரிந்திருக்கிறது: காலுக்கான இடம் பெருமூளையின் இடது, வலது பாதிகளான இரு அரைக்கோளங்களுக்கும் இடைப்பட்ட உட்புற மடிப்பில், கைக்கும் முகத்துக்கும் வெளிப்புறத்தில். மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையைச் சிறு மின்சாரத்தால் தூண்டி இந்த வரைபடத்தை நுணுக்கமாக வரைந்தார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது. விரல்களும் உதடும் நாக்கும் இதில் பெரும் பரப்பைப் பிடித்திருக்கின்றன, முதுகுக்கு ஒரு துளி இடம்தான். வெளிப்புறத்துக்கு இரத்தம் தருவது நடுப் பெருமூளைத் தமனி, உட்புறத்துக்கு முன் பெருமூளைத் தமனி. எனவே காலைவிடக் கையும் முகமும் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தால் அடைப்பு நடுத் தமனியின் கிளைகளில் என்று ஊகிக்கலாம். கை, கால், முகம் மூன்றும் ஒரே அளவில் விழுந்திருந்தால், புறணியிலிருந்து இறங்கும் இழைகள் எல்லாம் நெருங்கி ஒரு குறுகிய பட்டையாகச் சேரும் உட்பகுதியை நினைக்க வேண்டும். அங்கே மிகச் சிறிய அடைப்பே ஒரு பக்கம் முழுவதையும் வீழ்த்திவிடும்.

பேச்சு போனதற்குக் காரணம், வலது கைப் பழக்கமுள்ளவர்களில் ஏறத்தாழ எல்லோருக்கும் மொழிக்கான பகுதிகள் இடது அரைக்கோளத்தில் இருப்பதே. பால் புரோக்கா 1861-இல் பாரீஸில் ஆராய்ந்த நோயாளி எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓர் அசையையே திரும்பத் திரும்பச் சொன்னார். இறந்த பின் அவர் மூளையின் இடது முன்மடலில் சிதைவு தெரிந்தது. கார்ல் வெர்னிக்கே 1874-இல் இதற்கு மாறான ஒன்றைக் காட்டினார்: பின்னால், பொட்டுமடலில் சிதைவு ஏற்பட்டவர்கள் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் புரியாது. உங்கள் அப்பா எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு அறியலாம். சைகை ஏதும் காட்டாமல், வாயால் மட்டும் 'கண்ணை மூடுங்கள்', 'இடது கையைத் தூக்குங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். செய்தால், அவருக்குப் புரிகிறது, சொல்லத்தான் முடியவில்லை. அப்படியானால் அவர் எதிரில் அவருடைய நிலையைப் பற்றி அடுத்தவரிடம் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்கிறது, புரிகிறது.

முகம் ஒருபுறம் கோணுவது எல்லாமே பக்கவாதம் அல்ல. நெற்றித் தசைகளுக்கு இரு அரைக்கோளங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. ஆகவே மூளையில் அடைப்பு என்றால் வாய் கோணும், ஆனால் நெற்றியைச் சுருக்க முடியும். முகநரம்பே வீங்கிச் செயலிழந்தால் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. இரண்டாவது வகை பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். இருந்தாலும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

சிறுமூளை எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மூளையின் சுமார் 8,600 கோடி நியூரான்களில் ஏறத்தாழ 6,900 கோடி அதில்தான் இருக்கின்றன. அசைவைத் தொடங்குவதில்லை, அளந்து சீராக்குகிறது. அதன் பாதைகள் இருமுறை கடப்பதால் பாதிப்பு அதே பக்கத்தில் தெரியும். குடித்தவர் தள்ளாடுவதும் நாக்கு குழறுவதும் பெரும்பாலும் சிறுமூளையில் ஆல்கஹால் செய்யும் வேலை. திடீரென்று தலை சுற்றி, வாந்தி எடுத்து, நேராக நடக்க முடியாமல் போன பெரியவர்களைப் 'பித்தம்' என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைக்கிறோம். அவர்களில் சிலருக்கு அது சிறுமூளைப் பக்கவாதம்.

ஆழத்தில் உள்ளவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மணம் நீங்கலாக மற்ற புலன் செய்திகள் தலாமஸ் வழியே புறணிக்குப் போகின்றன. ஹைப்போதலாமஸ் பசி, தாகம், உடல் வெப்பம், ஹார்மோன்களைக் கவனிக்கிறது. ஹிப்போகாம்பஸ் இரு பக்கமும் அகற்றப்பட்டால் புதிய நினைவுகளே பதியாது என்பது 1953-இல் வலிப்புக்காக அறுவை செய்யப்பட்ட ஓர் அமெரிக்க நோயாளியால் தெரியவந்தது. மூளைத்தண்டு மட்டும் தனியாகச் சொல்லத் தக்கது. நடுமூளை, பான்ஸ், முகுளம் என்ற மூன்று பகுதிகளில் விழிப்பு, மூச்சு, இதயத் துடிப்பின் ஒழுங்கு, விழுங்குதல் எல்லாம் அடக்கம். மூளைத்தண்டு மீளாதபடி செயலிழந்ததை மூளைச்சாவு என்று 1994-இன் இந்திய உறுப்பு மாற்றுச் சட்டம் ஏற்கிறது. வென்டிலேட்டரின் துணையால் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் அவர் இறந்தவரே. கோமாவில் இருப்பவர் அப்படியல்ல.

பெரிய தமனி அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நியூரான்கள் அழிவதாக ஒரு மதிப்பீடு உண்டு. அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள், சி.டி. ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு கொடுக்க வேண்டும். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் பக்கவாதம் நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியால் போகும் அரைமணி நேரத்தைத் திரும்பப் பெற முடியாது.

இனி இருவரும் தேறுவது பற்றி. மூளையில் அழிந்த செல்கள் பிழைப்பதில்லை, ஆனால் அடைப்பைச் சுற்றியுள்ள பகுதிகள் பயிற்சியால் அந்த வேலையின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். இந்த மாற்றம் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் வேகமாக நடக்கும், ஆகவே அப்பாவின் இயன்முறைப் பயிற்சியையும் பேச்சுப் பயிற்சியையும் 'உடம்பு தெம்பானதும் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம். தண்டுவடத்தில் நிலைமை கடினம். கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளரும்; தண்டுவடத்துக்குள் அறுந்த நீண்ட இழைகளை, அங்குள்ள மையலினும் தழும்பும் வளரவிடுவதில்லை. மரத்தடியில் விழுந்து கிடப்பவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்தால், பாதி நசுங்கியிருந்தது முழுவதும் அறுந்துபோகலாம். கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நாலைந்து பேர் சேர்ந்து புரட்டி, பலகையில் கிடத்தித்தான் கொண்டுபோக வேண்டும்.

கால்கள் வராவிட்டாலும் வாழ்க்கை நின்றுவிடுவதில்லை என்பதற்கு வேலூரிலேயே சான்று உண்டு. மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இரண்டு கால்களின் அசைவையும் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) அத்துறையைக் கட்டி எழுப்பினார்.

மாமாவைப் பொறுத்தவரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், சிறுநீர்ப்பை நிரம்பி வழியாமல் பார்ப்பதும் உடனடி வேலைகள். உணர்வில்லாத தோலில் படுக்கைப்புண் வந்தால் அவருக்குத் தெரியாது. மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ஆசனவாயைச் சுற்றி உணர்வு இருக்கிறதா என்பது. அந்த இடத்துக்கான இழைகள் தண்டுவடத்தின் கடைசிக் கண்டங்களுக்கு உரியவை. அங்கே சிறிது தொடு உணர்வாவது எஞ்சியிருந்தால் அடிபட்ட இடத்தைத் தாண்டிச் சில இழைகளாவது பிழைத்திருக்கின்றன என்று பொருள், கால்களில் ஓரளவு அசைவு திரும்ப வாய்ப்பும் அதிகம். அடிபட்ட முதல் சில நாட்களில் செய்யும் சோதனை முடிவானதன்று. கால்கள் தொளதொளவென்று கிடக்கும் அந்தத் தண்டுவட அதிர்ச்சி நிலை கடந்த பிறகு மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.